பெரிய கோயிலின் நிழலும் என் வகுப்பும்: பாடத்துக்காக இணையத்தில் தேடும்போது எந்தத் தளத்தை நம்புவது?

வைகைக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் பதினோரு ஆண்டுகளாகச் சமூக அறிவியல் கற்பித்து வருகிறேன். சென்ற வாரம் ஏழாம் வகுப்பில் பிற்காலச் சோழர்கள் பாடம் வந்தது. பாடநூலில் உள்ளதை மட்டும் வாசித்தால் பிள்ளைகளின் பார்வை ஜன்னல் பக்கம் போய்விடும் என்பதால், முந்தைய நாள் இரவு கைப்பேசியில் ‘தஞ்சை பெரிய கோயில் அதிசயங்கள்’ என்று தேடி, முதலில் வந்த ஏழெட்டுத் தளங்களைப் படித்துக் குறிப்பெடுத்துக்கொண்டேன். விமானத்தின், அதாவது கருவறைமேல் எழும் கோபுரத்தின், நிழல் தரையில் விழாது என்ற செய்தி ஒன்று விடாமல் எல்லாத் தளங்களிலும் இருந்தது. இத்தனை பேர் எழுதியிருக்கிறார்களே என்ற தைரியத்தில், ஐயம் எதுவும் இல்லாமல் வகுப்பில் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாணவி, விடுமுறையில் குடும்பத்தோடு தஞ்சாவூர் போனபோது எடுத்த படம் ஒன்றை அச்செடுத்துக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். மாலை வெயிலில் திருச்சுற்றின் தரை முழுவதும் விமானத்தின் நிழல் நீண்டு கிடந்தது. “டீச்சர், இது எதனுடைய நிழல்?” என்று கேட்டாள். குறும்புக்காகக் கேட்கவில்லை, உண்மையிலேயே குழம்பிப்போய்க் கேட்டாள். அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

என் கேள்விகள் இரண்டு. பாடத்துக்காகத் தேடும்போது ஒரு தளம் நம்பத்தக்கதா என்பதை, பி.எட். படிப்பில் சொல்லித்தந்த ஆசிரியர் பெயர், வெளியான தேதி, தளத்தின் நோக்கம் என்ற பொதுவான பட்டியலைத் தாண்டி, நடைமுறையில் எப்படிக் கண்டுகொள்வது? அடுத்து, பிள்ளைகளுக்கு இதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? எங்கள் ஹைடெக் லேபில் கணினிகள் உள்ளன. இணைய வேகம் அன்றன்றைய யோகத்தைப் பொறுத்தது. ஒரு பாடவேளைக்கு நாற்பது நிமிடம்.

பழங்கல் எழுதியது:

அம்மா, முதலில் அந்த மாணவியைப் பாராட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் வரலாற்றாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். இதே நிழல் கதையை, இணையம் வருவதற்கு முன்பே, சுற்றுலா வழிகாட்டி ஒருவர் சொல்லக் கேட்டு நானும் இரண்டு ஆண்டுகள் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஆகவே இணையத்தின் மேல் மட்டும் பழியைப் போட எனக்கு உரிமை இல்லை.

நீங்கள் தேடிய சொற்களிலேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது. தேடுபொறி பெரும்பாலும் நாம் இடும் சொற்களுக்கு ஒத்த பக்கங்களைத்தான் தேடிக் கொண்டுவந்து வைக்கும். ‘அதிசயங்கள்’ என்று கேட்டால், அதிசயம் என்று தலைப்பிட்டு எழுதியவர்களின் பக்கங்களே முன்னால் வரும். அதே இடத்தில் ‘இராசராசேச்சரம் கல்வெட்டு’ என்றோ ‘பெரிய கோயில் விமானம் உயரம் அடித்தள அளவு’ என்றோ கேட்டுப் பாருங்கள், வருகிற பக்கங்களின் முகமே மாறிவிடும். பாடத்துக்காகத் தேடுகிறவர், விடையை ஊகித்து அந்த ஊகத்தைத் தேடுசொல்லில் ஏற்றிவிடக் கூடாது. ‘நிழல் விழாதது ஏன்’ என்று கேட்பதைவிட, ‘நிழல்’, ‘விமானம்’ என்ற இரண்டு சொற்களை மட்டும் இடுவது மேல்.

எல்லாத் தளங்களும் ஒரே செய்தியைச் சொன்னதால் நம்பினேன் என்கிறீர்கள். அவற்றில் ஒன்றிலிருந்து எட்டுப் பத்துச் சொற்கள் கொண்ட ஒரு முழு வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் வைத்துத் தேடுங்கள். அச்சு அசலாக அதே வாக்கியம், எழுத்துப் பிழை உட்பட, வரிசையாக வந்து நிற்பதைக் காண்பீர்கள். எட்டுப் பேர் தனித்தனியே விசாரித்து எழுதியதாக நாம் நினைத்துக்கொண்டிருப்போம். உண்மையில் ஒருவர் எழுதியதை ஏழு பேர் படியெடுத்திருப்பார்கள். இந்த ஒரு சோதனைக்கு இரண்டு நிமிடம் போதும். நான் சொல்பவற்றில் ஒன்றை மட்டும்தான் எடுத்துக்கொள்ள முடியும் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நிழல் விஷயத்துக்குத் தளமே தேவையில்லை, கணக்குப் போதும். தஞ்சாவூர் வடக்கு அட்சரேகை 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 22 அளவில் நண்பகல் சூரியன் அங்கே தென்திசையில் ஏறத்தாழ 56 பாகை உயரத்தில்தான் நிற்கும். விமானத்தின் உயரத்தைத் தோராயமாக 60 மீட்டர் என்று கொண்டால், உச்சியின் நிழல் மையத்திலிருந்து வடக்கே 40 மீட்டர் தள்ளி விழ வேண்டும். அடித்தளத்தின் பக்கம் ஏறத்தாழ 30 மீட்டர், அதாவது மையத்திலிருந்து சுவர் வரை 15 மீட்டர். மீதி 25 மீட்டர் நிழல் தரையில்தானே கிடந்தாக வேண்டும்? சூரியன் நேர் உச்சிக்கு வரும் ஏப்ரல், ஆகஸ்ட் மாத நாட்களின் நண்பகலில் நிழல் அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடும். ஆனால் அந்த நேரத்தில் அகன்ற அடித்தளமும் குறுகிய உச்சியும் உள்ள எந்தக் கட்டடமும் அப்படித்தான் நிற்கும். ஒன்பதாம் வகுப்புக் கணித ஆசிரியரையும் சேர்த்துக்கொண்டால் இதுவே ஒரு நல்ல கூட்டுப் பாடம்.

பிள்ளைகளை ஈர்க்க அதிசயம் வேண்டும் என்றால் உண்மையான செய்தியே இருக்கிறது. விமானத்தின் உச்சியில் வைக்க இராசராசன் தன் 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில், அதாவது 1010இல், செப்புக் குடம் ஒன்றைக் கொடுத்தான். அதன் எடை 3,083 பலம் என்றும், அதன்மேல் போர்த்த 2,926½ கழஞ்சு பொன் தகடு கொடுத்தான் என்றும் அந்தக் கோயிற்சுவரிலேயே வெட்டியிருக்கிறது. பலமும் கழஞ்சும் அக்கால எடை அளவுகள். அரைக் கழஞ்சைக்கூட விடாமல் எழுதிவைத்தவர்கள் அவர்கள். ஹுல்ஷ் பதிப்பித்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியில் இதைப் படிக்கலாம், இணையத்திலும் அந்தத் தொகுதி கிடைக்கிறது. உச்சிக்கல் 80 டன் எடையுள்ள ஒரே கல் என்று சொல்லும் தளங்களைக் காணும்போது, அதை நிறுத்தவர் யார், எந்த ஆண்டு, எப்படி என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பக்கங்களில் விடை இருக்காது.

ஏட்டறை எழுதியது:

பழங்கல் ஐயா சொன்னதைத் தொடர்ந்து நூலகர் என்ற முறையில் சில சொல்ல விரும்புகிறேன். ஆசிரியை குறிப்பிட்ட அந்தப் பொதுவான பட்டியலில் எனக்கும் நம்பிக்கை குறைந்துவிட்டது. 2004இல் கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் சிக்கோ வளாக நூலகத்தில் உருவான அத்தகைய பட்டியல் ஒன்று உலகம் முழுவதும் பரவி, நமது பயிற்சிக் கையேடுகள் வரை வந்துசேர்ந்தது. பட்டியல் தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது நம்மை அந்தப் பக்கத்துக்குள்ளேயே உட்காரவைத்து, அந்தப் பக்கம் தன்னைப் பற்றிச் சொல்வதையே படிக்கவைக்கிறது. ஏமாற்ற நினைப்பவர் ‘எங்களைப் பற்றி’ என்ற பகுதியைத்தான் எல்லாவற்றையும்விட அழகாக எழுதிவைப்பார்.

2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ ஆகியோர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்றறிஞர்கள் 10 பேர், செய்தி சரிபார்ப்பதைத் தொழிலாகக் கொண்டவர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் 25 பேர் என 45 பேரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்புகள் இரண்டின் பக்கங்களும் அவற்றில் இருந்தன. ஒன்று 1930இல் தொடங்கிய, பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட தொழில்முறைச் சங்கம். மற்றது அதிலிருந்து கொள்கை வேறுபாட்டால் பிரிந்தவர்கள் 2002இல் தொடங்கிய சிறிய அமைப்பு. இரண்டின் பெயரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே ஒலிக்கும், இரண்டின் தளங்களும் நேர்த்தியாக இருக்கும். வரலாற்றறிஞர்களிலும் மாணவர்களிலும் பலர் பக்கத்தை மேலிருந்து கீழாக அக்கறையோடு படித்து, சின்னத்தையும் மேற்கோள் பட்டியலையும் பார்த்துத் தடுமாறினார்கள். சரிபார்ப்பவர்களோ பக்கத்தைத் திறந்த சிறிது நேரத்திலேயே அதை விட்டு வெளியேறி, புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தவர்களும் அவர்களே. இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள். புதிதாக ஊருக்கு வந்தவரைப் பற்றி அவரிடமே கேட்காமல், அவருடைய பழைய ஊர்க்காரர்களிடம் கேட்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முகவரியைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் ஆசிரியர்களிடையே இருக்கிறது. ‘டாட் ஓஆர்ஜி’ என்று முடிந்தால் தொண்டு நிறுவனம், ஆகவே நம்பலாம் என்கிறார்கள். அந்தப் பெயரைப் பணம் கட்டி யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ‘டாட் ஜிஓவி டாட் இன்’ என்பது அரசு அமைப்புகளுக்கும், ‘டாட் ஏசி டாட் இன்’ என்பது கல்வி நிறுவனங்களுக்கும் மட்டுமே தரப்படுகிறது. தேடுசொல்லுக்குப் பின் ‘சைட்’ என்ற ஆங்கிலச் சொல்லையும் முக்காற்புள்ளியையும் இட்டு, இடைவெளி விடாமல் இந்த முடிவைச் சேர்த்தால் அத்தகைய தளங்களுக்குள் மட்டும் தேடலாம். அரசுத் தளத்திலும் பிழை இருக்கக்கூடும். ஆனால் அங்கே பொறுப்பேற்க ஒரு துறை இருக்கிறது.

விக்கிப்பீடியா கூடவே கூடாது என்று சொல்பவர்களில் நான் ஒருவன் அல்லன். 2003 முதல் இயங்கும் தமிழ் விக்கிப்பீடியாவில் நல்ல கட்டுரையும் உண்டு, அரைகுறையும் உண்டு. கட்டுரையைவிட அதன் அடியில் உள்ள மேற்கோள்களை முதலில் பாருங்கள். ‘உரையாடல்’ பக்கத்தையும் திறந்து பாருங்கள். எந்தச் செய்தியில் சண்டை நடக்கிறது என்பது அங்கே தெரியும், வகுப்புக்கு அந்தச் சண்டையே சில நேரம் பயன்படும். கடைசியாக ஒன்று: தேடல் பக்கத்தின் உச்சியில் இப்போது இயந்திரம் தானே தொகுத்து ஒரு விடையைத் தருகிறது. அதை விடையாக எடுத்துக்கொள்ளாமல், அதன் அருகில் உள்ள இணைப்பைத் திறந்து, அந்தச் செய்தி உண்மையில் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐந்தாம் பாடவேளை எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் நாளொன்றுக்கு ஐந்து பாடவேளை, இடையில் இணையத்தில் பதிவேற்ற வேண்டிய விவரங்கள், தேர்வுத்தாள் திருத்தம் என்று ஓடுகிற ஆசிரியர் ஒவ்வொரு வரிக்கும் கல்வெட்டுத் தொகுதியைப் புரட்ட முடியுமா? அரசு நமக்குப் பாடநூல் தந்திருக்கிறது, அதிலுள்ள விரைவுக் குறியீட்டை (கியூஆர் கோடு) கைப்பேசியில் காட்டினால் 2017இல் தொடங்கிய தீக்‌ஷா தளத்தில் காணொளி வருகிறது. அதற்கு வெளியே போகாமல் இருந்தாலே பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும் என்பது என் கருத்து. ஆசிரியை மேல் குற்றம் சொல்லவில்லை. நேரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்பதற்காகச் சொல்கிறேன்.

ஏட்டறை எழுதியது:

நேரத்தைப் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டியதில்லை. சோழர் தலைநகரின் பெயரை யாரும் சரிபார்க்கத் தேவையில்லை. கேட்டவுடன் ‘அடடா’ என்று சொல்லவைக்கும் செய்தி, ‘யுனெஸ்கோ அறிவித்தது’, ‘நாசா வியந்தது’ என்று வெளியிலிருந்து பெருமை தேடித் தரும் செய்தி, பெரிய மனிதர் பெயரில் வரும் பொன்மொழி, இந்த மூன்று வகைகளை மட்டும் நிறுத்திப் பார்த்தால் போதும். ஒரு பாடத்துக்கு அப்படி இரண்டோ மூன்றோதான் தேறும். வெளியே போகாமல் இருக்கலாம் என்ற யோசனையை மட்டும் என்னால் ஏற்க இயலவில்லை. நாம் போகாவிட்டாலும் பிள்ளைகள் போய்க்கொண்டுதானே இருக்கிறார்கள்?

வடமராட்சி விஞ்ஞானம் எழுதியது:

வணக்கம் ரீச்சர். யாழ்ப்பாண மாவட்டப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். இங்கே உரையாடப்பட்டவற்றில் பெரும்பாலானவை பொய்யான செய்திகளைப் பற்றியவை. எங்களுக்கு வரும் சிக்கல் வேறு வகையானது: செய்தி முற்றிலும் சரியாக இருக்கும், ஆனால் வகுப்புக்குப் பொருந்தாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் பாடநூல்களில் ‘கதி’ என்பது திசை கருதாத கணியம், ‘வேகம்’ என்பது திசையோடு கூடிய காவிக் கணியம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் முதலாவதற்கு ‘வேகம்’ என்றும் இரண்டாவதற்குத் ‘திசைவேகம்’ என்றும் எழுதுகிறார்கள். எனது மாணவன் ஒருவன் கூகிளில் ‘வேகம்’ என்று தேடி, தமிழ்நாட்டு ஆசிரியர் ஒருவர் மிகத் தெளிவாக எழுதிய பக்கத்தைப் படித்து, வேகத்துக்குத் திசை இல்லை என்று பரீட்சையில் எழுதிவிட்டு வந்தான். அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அவனும் அக்கறையோடுதான் படித்தான். ஆனாலும் புள்ளி போய்விட்டது.

இப்படிப் பல சொற்கள் உண்டு. நாங்கள் அமுக்கம் என்பதை நீங்கள் அழுத்தம் என்கிறீர்கள். எங்கள் ஆர்முடுகல் உங்கள் முடுக்கம், எங்கள் மூலகம் உங்கள் தனிமம், எங்கள் கலம் உங்கள் செல், எங்கள் ஒளித்தொகுப்பு உங்கள் ஒளிச்சேர்க்கை. ஆகவே ஒரு பக்கத்தைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது, அது யாருடைய பாடத்திட்டத்துக்காக எழுதப்பட்டது என்பதையே. அதே நேரத்தில் இது ஒரு வசதியும் கூட. ‘ஒளித்தொகுப்பு’ என்று தேடி நல்ல படம் கிடைக்காதபோது ‘ஒளிச்சேர்க்கை’ என்று தேடினால் இன்னொரு குவியல் திறக்கும். உங்கள் பக்க ஆசிரியர்களும் எங்கள் சொற்களைக் கொண்டு தேடிப் பார்க்கலாம். எங்கள் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும், 2005 முதல் இயங்கும் நூலகம் இணைய நூலகத்திலும் தமிழ் மொழிமூல வளங்கள் இருக்கின்றன.

இன்னொன்றையும் சேர்க்க வேண்டும். தேடுபொறியில் வராததால் அது தமிழில் இல்லை என்று முடிவுகட்டிவிடக் கூடாது. ஒருங்குறி (யூனிகோட்) பரவலாவதற்கு முன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சு செய்த ஆவணங்கள் ஏராளம். அவை கணினிக்கு ஆங்கில எழுத்துகளின் கோவையாகவே தெரிவதால், தமிழ்ச் சொல்லை இட்டுத் தேடினால் அகப்படா. வருடிய படமாக ஏற்றப்பட்ட பழைய நூல்களின் நிலையும் பெரும்பாலும் இதுதான். அத்தகைய இடங்களில் அந்த நூலகத் தளத்துக்கே போய், நூலின் தலைப்பைக் கொண்டு பட்டியலில் தேடுவதைத் தவிர வேறு வழி இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நான் அப்படித்தான் தேடுகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பழங்கல் ஐயா சொன்ன மேற்கோள் குறிச் சோதனையை அன்று இரவே செய்து பார்த்தேன். ‘கட்டிடக்கலை’ என்ற சொல்லில் ஒரே எழுத்துப் பிழையோடு ஒரே வாக்கியம் பக்கம் பக்கமாக வந்தது. சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. மறுநாள் ஏழாம் வகுப்பில், நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டு, செப்புக் குடத்தின் கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். அரைக் கழஞ்சுக்கு ஏன் கணக்கு எழுதினார்கள் என்று ஒரு பையன் கேட்டான். பாடவேளை முழுவதும் அதிலேயே போய்விட்டது.

பிறகு ஒன்பதாம் வகுப்பை லேபுக்கு அழைத்துப்போனேன். அக்டோபர் 15 நெருங்குவதால் அப்துல் கலாம் பிறந்தநாள் விழாவுக்குப் பேச்சு எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த நாளை உலக மாணவர் தினமாக ஐ.நா. 2010இல் அறிவித்தது என்று எல்லாப் பேச்சுகளிலும் முதல் வரியாக இருந்தது. ஏட்டறை அவர்கள் சொன்ன இரண்டாவது வகை இதுதானே என்று பொறி தட்டியது. எங்கே படித்தீர்கள் என்று கேட்காமல், யார் அறிவித்ததாகச் சொல்கிறார்களோ அவர்களிடமே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன். ஐ.நா. தளத்தில் உலக நாட்களின் பட்டியல் இருக்கிறது. இணையம் இரண்டு முறை அறுந்த பிறகு, ஒரு குழு அதைத் திறந்துவிட்டது. அக்டோபர் 15க்கு நேரே ஊரகப் பெண்கள் தினம் என்று இருந்தது, மாணவர் தினம் இல்லை. இன்னொரு குழு, நவம்பர் 17ஐ உலக மாணவர் தினமாகக் கொண்டாடும் வழக்கம் இருப்பதையும், அது 1939இல் பிராகா நகர மாணவர்கள் மீது நாஜிகள் நடத்திய அடக்குமுறையின் நினைவாக வந்தது என்பதையும் கண்டுபிடித்தது. அப்படியானால் கலாம் பிறந்தநாளுக்கு ஒன்றுமே இல்லையா என்று பலருக்கு முகம் வாடிவிட்டது. தமிழ்நாடு அரசு 2015இல் அந்த நாளை இளைஞர் எழுச்சி நாள் என்று அறிவித்ததைத் தேடிக் காட்டியதும்தான் சமாதானமானார்கள். நாற்பது நிமிடத்தில் ஒரே ஒரு வரியைத்தான் சரிபார்த்தோம்.

இப்போது புதிய சிக்கல் ஒன்று. ‘ஐ.நா. அறிவித்த உலக மாணவர் தினம்’ என்று விழாவுக்கான பதாகை முன்பே அச்சாகி வந்து தலைமையாசிரியர் அறையில் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. யார் போய்ச் சொல்வது என்று தெரியவில்லை.

பழங்கல் எழுதியது:

அந்த ஒன்பதாம் வகுப்புக் குழுவையே ஐ.நா. பட்டியலின் அச்சுப்படியோடு அனுப்பிவையுங்கள் அம்மா. நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், ஆசிரியர் வந்து சொன்னால் முதலில் கோபம்தான் வரும், பிள்ளைகள் தாளோடு வந்து நின்றால் தாளைத்தான் பார்ப்பேன். பதாகையில் ‘ஐ.நா. அறிவித்த உலக மாணவர் தினம்’ என்ற வரி தனியாக இருந்தால், அதே நிறத் தாளில் ‘இளைஞர் எழுச்சி நாள்’ என்று எழுதி மேலே ஒட்டிவிடலாம்.

வைகைக்கரை எழுதியது:

தனி வரிதான் ஐயா. நீல நிறத் தாள் வாங்கியாயிற்று.